திருத்தத்தில் காணாமல் போகும் கைகள்: கொள்ளைநோய் தொடங்கும்போது நாவலாசிரியரின் மேசை

 

இன்று நான் பேசப்போவது ஒரு துருக்கி நாவலாசிரியரைப் பற்றியும் ஓர் இத்தாலி நாவலாசிரியரைப் பற்றியும். இடையில் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் வந்து போவார்கள். தலித் இலக்கிய மேடையில் இவர்களுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நான்கு பேரும் கொள்ளைநோயைப் பற்றி நாவல் எழுதியவர்கள். கொள்ளைநோய் நாவல் எதுவானாலும் அதில் பிணம் விழும். பிணம் விழுந்தால் அதைத் தூக்க ஆள் வேண்டும், குழிவெட்ட ஆள் வேண்டும், செத்த வீட்டைக் கழுவ ஆள் வேண்டும். நாவலாசிரியர் திருத்தி எழுதும்போது அந்த ஆளை என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி. இழவு சொல்லப் போனவர்களும், குழி வெட்டியவர்களும், பறையடித்தவர்களும் பெற்றெடுத்த இலக்கியம் நம்முடையது. இந்தக் கேள்வியைக் கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

முதலில் துருக்கிக்காரர். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. துருக்கி தன் முதல் நோயாளியை அறிவித்ததும் அதே நாளில்தான். பத்து நாட்களில், 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அந்த நாட்டில் தடை வந்துவிட்டது. ஓரான் பாமுக்குக்கு அப்போது வயது 67. நான்கு ஆண்டுகளாக அவர் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். 1901-ஆம் ஆண்டு, மிங்கேரியா என்ற கற்பனைத் தீவு, அங்கே பரவும் பிளேக், அதை அடக்க வரும் மருத்துவர்கள், தீவை அடைத்து நிற்கும் கப்பல்கள். நாவலின் பெயர் ‘கொள்ளைநோய் இரவுகள்’.

பாமுக்கைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். ‘என் பெயர் சிவப்பு’, ‘பனி’ இரண்டும் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் வந்திருக்கின்றன. இஸ்தான்புல்லில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கட்டடக்கலை படித்து, பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதத் தொடங்கியவர். ஆர்மீனியர்களும் குர்து மக்களும் கொல்லப்பட்டதைப் பற்றிச் சொன்னதற்காக 2005-இல் அவர்மீது துருக்கி தேசத்தை இழிவுபடுத்தியதாக வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வழக்கு கைவிடப்பட்டது. அதே ஆண்டு நோபல் பரிசு வந்தது. பிளேக் அவருக்குப் புதிய விஷயம் அல்ல. 1983-இல் வந்த ‘அமைதியான வீடு’ நாவலில் ஒரு வரலாற்றாசிரியர் பழைய ஆவணக் கட்டுகளில் பிளேக்கின் தடயத்தைத் தேடுகிறார். 1985-இல் வந்த ‘வெள்ளைக் கோட்டை’யில் இஸ்தான்புல்லுக்கே பிளேக் வருகிறது. ஆக, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மனத்தில் கிடந்த ஒரு பொருள், எழுதிக் கடைசிக் கட்டத்துக்கு வரும் நேரத்தில் உண்மையான கொள்ளைநோய் கதவைத் தட்டுகிறது.

இந்த நிலையில் ஒரு கைப்பிரதிக்கு என்ன நேரும்? திருத்தம் என்றால் சந்திப்பிழை பார்ப்பது, சொல்லை மாற்றுவது என்று நாம் பழகியிருக்கிறோம். நாவல் திருத்தம் பெரும்பாலும் அதுவல்ல. வாசகருக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பதுதான் அதில் பெரிய வேலை. 2019-இல் பிளேக் நாவல் எழுதுகிறவர், ஊரடைப்பு என்றால் என்ன, கப்பலை ஏன் துறைமுகத்தில் நிறுத்துகிறார்கள், கடைக்காரர் ஏன் அதை எதிர்க்கிறார் என்றெல்லாம் விளக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அந்த விளக்கம் தேவையில்லை. கடைத்தெருவில் நின்றுகொண்டு மூன்றடிக்கு ஒரு வட்டம் போட்டவருக்கே அது தெரியும். எழுத்தில் ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் பக்கம் மாறிவிடுகிறது, படிக்கிறவர் மாறிவிட்டார். கற்பனை என்று எழுதிய இடம் செய்தித்தாள் மாதிரி இருக்கும். செய்தி என்று சேகரித்த இடம் பழசாகிவிடும். நேற்றுவரை தனியாக ஒரு பொருளைக் காத்துவந்த எழுத்தாளர், இன்று உலகமே அதைப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

அந்த ஏப்ரல் மாதம் பாமுக் ஓர் அமெரிக்க நாளிதழில் கட்டுரை எழுதினார். பழைய கொள்ளைநோய் நாவல்களுக்கும் இன்றைக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பேசினார்: அரசுகள் முதலில் மறுக்கும், பிறகு எண்ணிக்கையைக் குறைக்கும், வதந்தி பரவும், நோய் எப்போதும் வெளியிலிருந்து, அயலாரிடமிருந்து வந்ததாகவே சொல்லப்படும். அதில் அவர் துணைக்கு அழைத்த இரண்டு பேர் டேனியல் டீஃபோவும் அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனியும். அவர் சரியான இரண்டு பேரைத்தான் அழைத்தார். ஆனால் அவர்களிடம் நான் படித்து நின்ற இடங்கள் வேறு.

டீஃபோவின் ‘கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு’ 1722-இல் வந்தது. 1665-இல் லண்டனில் நடந்த பிளேக்கைப் பற்றியது. அப்போது டீஃபோவுக்கு ஐந்து வயது இருக்கும். 1720-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் பிளேக் வந்ததும், அது இங்கிலாந்துக்கும் வருமோ என்ற பயத்தில் ஊர் இருந்தபோது எழுதினார். அதிலும் ஒரு கொள்ளைநோயின் வாசலில் நின்று பழைய கொள்ளைநோயை எழுதிய நிலைதான். அந்த நூலுக்குள் அவர் லண்டன் மேயரின் 1665-ஆம் ஆண்டு ஆணைகளைப் பக்கம் பக்கமாக அப்படியே சேர்த்திருக்கிறார். இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளாமல் படித்தால் ஓர் ஆணை கிடைக்கும். பிணத்தைச் சோதிக்கிறவர்கள், நோயாளி வீட்டில் காவல் இருக்கிறவர்கள், புதைக்கிறவர்கள் ஆகியோர் தெருவில் நடக்கும்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மூன்றடி நீளச் சிவப்புக் கோல் ஒன்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். தங்கள் வீட்டுக்கும் வேலைக்கு அழைக்கப்பட்ட வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகக்கூடாது. மற்றவர்களோடு சேரக்கூடாது.

கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைத்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிவப்புக் கோலைப் பார்த்ததும் ஒன்று விளங்கும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. லண்டனில் நோய் போனதும் கோலும் போய்விட்டது. மகனுக்கும் பேரனுக்கும் அது இறங்கவில்லை. சாதி செய்வது அந்த இறக்குமதியைத்தான். ஆனாலும் ஊரின் அழுக்கை எடுக்கிறவரையே ஊரின் அழுக்காக அடையாளம் போட்டுக் காட்டும் வழக்கத்துக்கு நோய் ஒரு சாக்காக இருந்திருக்கிறது.

பிணத்தைச் சோதித்தவர்கள் என்றேனே, அவர்கள் யார் தெரியுமா? திருச்சபை வட்டாரத்தின் உதவிப்பணத்தில் வாழ்ந்த ஏழைக் கிழவிகள், பெரும்பாலும் கைம்பெண்கள். செத்தவரின் உடலைப் பார்த்து இன்ன நோய் என்று இவர்கள் சொன்னதை வைத்துத்தான் லண்டனின் வாராந்தர இறப்புப் பட்டியல் தயாரானது. உலகம் இன்று புள்ளிவிவரத்தின் தொடக்கம் என்று கொண்டாடும் பட்டியல் அது. அந்தக் கிழவிகளின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் டீஃபோ ஒருவருக்குப் பெயர் கொடுத்தார்: ஜான் ஹேவர்ட். குழிவெட்டி, பிணந்தூக்கி. வண்டி நுழையாத சந்துகளில் கைத்தள்ளுவண்டியோடு போய்ப் பிணங்களை எடுத்துவந்தவர். பூண்டையும் அருவதாவையும் வாயில் அடக்கிக்கொண்டு, புகையிலை புகைத்துக்கொண்டு வேலை பார்த்தார். நோய் அவரைத் தொடவில்லை; அதன் பிறகு இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் மனைவி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நூலில் பிணந்தூக்குகிறவர் பெயரோடும் மனைவியோடும் தொழில் நுணுக்கத்தோடும் நிற்கிறார். பிறகு வந்த பெரிய நாவல்கள் பலவற்றில் இந்த மரியாதை இல்லை.

இனி மன்ஸோனி. இவரிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் திருத்தம் என்ற சொல்லுக்கு இவர் வாழ்க்கையே உரை. 1785-இல் மிலான் நகரத்தில் பிறந்தார். தனியாக வெளியே போகப் பயப்படும் அளவுக்கு நரம்புத் தளர்ச்சி உள்ள மனிதர். ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ என்ற அந்த ஒரே நாவலை எழுத அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1821-இல் தொடங்கி 1823-இல் முதல் படியை முடித்தார். அதைக் கலைத்து மாற்றி 1827-இல் வெளியிட்டார். நூல் வெற்றி பெற்றது. வேறொருவராக இருந்தால் அடுத்த நாவலுக்குப் போயிருப்பார். இவரோ தன் மொழி புத்தக மொழியாக இருக்கிறது, பேசுகிற மொழியாக இல்லை என்று சொல்லி ஃப்ளோரன்ஸ் நகரத்துக்குப் போனார். அந்த ஊர்ப் பேச்சில் முழு நாவலையும் வரிவரியாகத் திருத்தினார். 1840 முதல் 1842 வரை தவணை தவணையாக, படங்களோடு புதிய பதிப்பு வந்தது. திருத்தத்தில் அவருக்கு உதவியவர்களில் ஒருவர் எமிலியா லூத்தி என்ற ஃப்ளோரன்ஸ் பெண். பேராசிரியர் அல்ல, பெரிய வீட்டுக் குழந்தைகளுக்குச் செவிலித்தாயாக இருந்தவர். இத்தாலிய உரைநடையின் தரம் என்று இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரப்படுவதில் இந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லும் இருக்கிறது. வட்டாரப் பேச்சைத் ‘தரமான’ தமிழாக்குவதைத் திருத்தம் என்று நினைக்கும் நம் பதிப்பாளர்களிடம் இதைச் சொல்லிப்பார்க்கலாம்.

அவர் திருத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் காலரா ஐரோப்பாவுக்கு வந்தது. 1835-இல் இத்தாலிக்குள் நுழைந்து 1836-இல் லொம்பார்தி முழுவதும் பரவியது. யாரோ கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற பேச்சு பல ஊர்களில் எழுந்தது. சிசிலியில் 1837-இல் அதனால் கலவரமே நடந்தது. மன்ஸோனியின் மேசையில் இருந்ததோ 1630-ஆம் ஆண்டு மிலான் பிளேக். அதிலும் இதே பேச்சுதான். சுவர்களில் யாரோ விஷக் களிம்பு பூசுகிறார்கள், அதனால்தான் சாகிறோம் என்று ஊர் நம்பியது.

அந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது என்பது வரலாறு. ஒரு காலை வேளையில் சுவரில் கையைத் துடைத்தபடி போன ஒருவரை ஜன்னலிலிருந்து பார்த்த பெண் ஒருத்தி புகார் சொன்னாள். அவர் குல்யெல்மோ பியாட்ஸா, சுகாதாரத் துறையில் கீழ்நிலை ஊழியர். சித்திரவதை செய்தார்கள். வலி தாங்காமல் ஒரு பெயரைச் சொன்னார்: ஜான் ஜாக்கோமோ மோரா, நாவிதர். பிளேக்குக்குக் களிம்பு தயாரித்து விற்றவர். அவர் வீட்டில் இருந்த துணி வெளுக்கும் காரநீர்ப் பானை சாட்சியமாயிற்று. இருவரையும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பிய்த்து, வலது கையை வெட்டி, சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். மோராவின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் ‘அவமானத் தூண்’ ஒன்றை நட்டார்கள். 1778-இல்தான் அது அகற்றப்பட்டது. ஒரு நாவிதர், ஒரு கடைநிலைச் சுகாதார ஊழியர். நோய்க்கு ஊர் கண்டுபிடித்த குற்றவாளிகள் நோயோடு வேலை செய்தவர்கள்தான்.

இந்த வழக்கை மன்ஸோனி முதலில் நாவலுக்குள்ளேயே எழுதினார். திருத்தும்போது வெளியே எடுத்தார். கதையின் ஓட்டத்தை அது தடுத்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எடுத்ததைத் தூக்கி எறியவில்லை. மேலும் பல ஆண்டுகள் உழைத்து, ஆவணங்களைப் படித்து, ‘அவமானத் தூணின் வரலாறு’ என்று தனி நூலாக்கி, 1842 பதிப்பின் முடிவில் நாவலோடு சேர்த்தே அச்சிட்டார். காதலர்கள் சேர்ந்ததும் புத்தகத்தை மூடிவிட முடியாது. மோராவைக் கொன்ற கதையையும் அதே அட்டைக்குள் வைத்துத்தான் விற்றார். வாசகர்கள் ஏமாந்துபோனார்கள். காதல் நாவலின் வாலில் நீதிமன்ற ஆவணம் எதற்கு என்று கேட்டார்கள். பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் அந்த வாலை வெட்டியே விட்டார்கள்.

அதில் மன்ஸோனி வைத்த வாதம் நமக்கு முக்கியமானது. அவருக்கு முன்னால் பியெத்ரோ வெர்ரி என்ற சிந்தனையாளர் இதே வழக்கைப் பற்றி எழுதியிருந்தார். சித்திரவதை என்ற வழக்கமும் அந்தக் காலத்தின் அறியாமையும்தான் குற்றவாளி என்பது வெர்ரியின் முடிவு. மன்ஸோனி அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படியே, அந்தக் காலத்து அறிவைக் கொண்டே, இவர்கள் நிரபராதிகள் என்று நீதிபதிகள் பார்த்திருக்க முடியும். பார்க்க விரும்பவில்லை என்றார். காலத்தின்மேல் பழிபோட்டுவிட்டு மனிதர்களை விடுவிக்க அவர் தயாராக இல்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்ற வாக்கியத்தை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! வெண்மணி பற்றிப் பேசும்போதும் கேட்டிருக்கிறோம். தண்ணீர்க் குளத்தில் இறங்கியதற்கு 1927-இல் மகாடில் அடித்ததைப் பற்றிப் பேசும்போதும் கேட்டிருக்கிறோம். மிலான் நீதிபதிகளைப் பற்றிய அந்தச் சிறு நூலை யாராவது தமிழில் முழுமையாகக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு நீதி உணர்ச்சி உள்ள மன்ஸோனி பிணந்தூக்கிகளை என்ன செய்தார்? மொனாத்தி என்று அவர்களுக்குப் பெயர். பிணங்களை வண்டியில் ஏற்றியவர்கள், நோயாளிகளை முகாமுக்குக் கொண்டுபோனவர்கள், நோய்பட்ட பொருட்களை எரித்தவர்கள். நாவலில் அவர்கள் சிவப்பு உடை அணிந்து வருகிறார்கள், பிண வண்டியின்மேல் உட்கார்ந்து குடிக்கிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள். சிலர் காலில் சிறுமணி கட்டியிருப்பார்கள். கதாநாயகன் ரென்ஸோ முகாமில் பெண்கள் பகுதிக்குள் நுழைய அப்படி ஒரு மணியை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொள்கிறான். அந்த மணி இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாவிதர் மோராவுக்காக இருபது ஆண்டு ஆவணம் படித்தவர், மணி கட்டிய காலுக்கு ஒரு பெயரோ, ஒரு வீடோ, கூலிக்கணக்கோ கொடுக்கவில்லை. மூன்று முறை எழுதியும் கொடுக்கவில்லை. அவர்மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே இதைச் சொல்கிறேன்.

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளைநோய்’ நாவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் படித்ததுதான். 1943 தொடக்கத்தில் முதல் படி முடிந்தது. மாற்றி மாற்றி எழுதி 1947-இல் வந்தது. இடையில் காம்யு காசநோயோடு பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் மாட்டிக்கொண்டார். போரினால் மனைவி அல்ஜீரியாவில், அவர் இங்கே. பிரிவு என்ற பொருள் நாவலில் அவ்வளவு பெரிதானது இந்தத் தனிமையில்தான். திருத்தத்தைப் பற்றிய நல்ல கேலியும் அதில் இருக்கிறது: கிராண்ட் என்ற ஏழை நகராட்சி எழுத்தர், பகலில் இறப்புக் கணக்கு எழுதுகிறார், இரவில் தன் நாவலின் முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார். கூலிக்காரர்களைப் பற்றி ஓர் இடம் உண்டு. பிணம் புதைக்க ஆள் கிடைக்காது என்று அதிகாரிகள் பயந்திருந்தார்கள். ஆனால் வேலையில்லாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பயத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது. இதைக் கண்டு சொன்னதற்காக காம்யுவை மதிக்க வேண்டும். ஆனால் கதை நடக்கும் ஓரான் நகரத்தில் அரபுக்காரர் ஒருவருக்கும் நாவலில் பெயர் இல்லை. அரபுக்காரர்களின் வாழ்நிலை பற்றி எழுத வந்த பத்திரிகையாளர் ராம்பேர் வேறு கதைக்குள் போய்விடுகிறார். அந்தச் செய்தி எழுதப்படுவதே இல்லை.

இப்போது பாமுக்கின் தீவுக்குத் திரும்பலாம். ‘கொள்ளைநோய் இரவுகள்’ 2021 மார்ச்சில் துருக்கியில் வெளியாயிற்று, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்தது. கொரோனாவைப் பார்த்து அவசரமாக எழுதிய நாவல் அல்ல என்பதை அதன் பருமனே சொல்லும். கதையைச் சொல்வது ஒரு பெண் வரலாற்றாசிரியர். அவருக்கு ஆதாரம், பதவியிழந்த சுல்தான் ஐந்தாம் முராதின் மகள் பக்கீஸே தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்கள். பக்கீஸே மருத்துவர் நூரியின் மனைவி. ஆளுநர் மாளிகையில் காவலோடு இருப்பவள். கணவன் மாலையில் வந்து சொல்வதைக் கேட்டு எழுதுகிறாள். மற்றதை ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். நாவலில் தனிமைப்படுத்தல் படை என்று உள்ளூர் ஆட்களைத் திரட்டுகிறார்கள். அவர்கள் வீடு புகுகிறார்கள், அடிக்கிறார்கள், அரசியலைக்கூட மாற்றுகிறார்கள். ஆனால் இரவில் பிணத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவர்கள் வாசலில் என்ன நடக்கிறது என்பது இளவரசியின் கடிதத்துக்குத் தெரிய வழியில்லை. பாமுக் இந்த எல்லையை அறிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆவணத்தில் இருப்பதுதான் வரலாறு, ஆவணம் மாளிகையில் இருக்கிறது என்று காட்டும் தந்திரம் அது. தந்திரம் நன்றாக வேலை செய்கிறது. ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் வெளியேதான் இருக்கிறார்கள்.

பாமுக்கின் கற்பனைத் தீவுக்கு வந்தது மூன்றாவது பிளேக் பரவல். சீனாவின் யுன்னானில் கிளம்பி, 1894-இல் ஹாங்காங், 1896-இல் பம்பாய். நம் நாட்டுக்கு வந்ததும் அதே நோய்தான். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவி பகுதியில் மருத்துவர் வியேகாஸ் அதை அடையாளம் கண்டார். நகராட்சி முதலில் கடுமையான நடவடிக்கை எடுத்தது. வீடு புகுந்து நோயாளியை இழுத்துக்கொண்டு போவது. பிறகு அக்டோபர் இறுதிக்குள் அதைத் தளர்த்தியது. ஏன்? மக்களின் எதிர்ப்பு ஒரு காரணம். இன்னொன்று நகராட்சி ஆணையர் ஸ்னோவின் அறிக்கையில் இருக்கிறது: ஹலால்கோர்கள், அதாவது மலம் அள்ளும் தொழிலாளர்கள், பயந்து ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம். மக்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள், நகரம் தாங்கியது. இவர்கள் போய்விட்டால் நகரம் தாங்காது என்று ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. பம்பாய் பிளேக்கின் திருப்புமுனை ஒன்று இவர்களின் காலடியில் இருந்திருக்கிறது. அந்தத் தொழிலாளி ஒருவரின் குடிசையிலிருந்து 1896-ஐ எழுதிப் பாருங்கள். அது வேறு நாவலாக இருக்கும்.

புனேயில் நடந்ததும் அப்படித்தான் நினைவில் திருத்தப்பட்டது. 1897 என்றதும் பள்ளிப் புத்தகத்துக்கு வருவது பிளேக் அதிகாரி ராண்ட், அவரைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள், திலகரின் சிறைத்தண்டனை. ராண்ட் சுடப்பட்டது ஜூன் 22. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 10 அன்று, அதே புனேயில் பிளேக்கால் இறந்தவர் சாவித்ரிபாய் ஃபுலே. மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு இடம் அமைத்து நடத்திக்கொண்டிருந்தார். முண்ட்வா மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த ஒரு சிறுவனைத் தானே தூக்கிக்கொண்டு வந்தபோது நோய் தொற்றியது என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நோயாளியைத் தொட்டுத் தூக்கிய கை ஒரு ஆசிரியையின் கை. துப்பாக்கி பிடித்த கை பாடத்தில் இருக்கிறது; இந்தக் கை வெகுகாலம் இல்லை.

எண்ணிக்கையில் ஒரே ஒன்றைச் சொல்கிறேன். 1918 இன்ஃப்ளுயன்சாவில் பம்பாய் நகரத்தின் இறப்பு விகிதத்தைச் சுகாதார அதிகாரிகள் சாதிவாரியாகப் பதிவு செய்தார்கள். ஆயிரம் ஐரோப்பியருக்கு 8.3 பேர் இறந்தார்கள். மற்றச் சாதி இந்துக்களில் 18.9. ‘தாழ்ந்த சாதி’ என்று அவர்கள் குறித்த மக்களில் 61.6. நோய்க்குச் சாதி தெரியாது என்று 2020-இல் தொலைக்காட்சியில் சொன்னார்கள். கிருமிக்குத் தெரியாதுதான். குடியிருப்புக்கும் கூலிக்கும் தண்ணீர்க்குழாய்க்கும் தெரியும்.

நம் பக்கத்து மொழியில் யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ 1965-இல் வந்தது. அக்கிரகாரத்தில் ஒரு பிணம். யார் எரிப்பது என்று சாத்திரம் தேடுகிறார்கள். எலிகள் செத்து விழுகின்றன. சேரியில் பெள்ளியின் தாயும் தகப்பனும் காய்ச்சலில் செத்து, குடிசையோடு சேர்த்து எரிக்கப்படுகிறார்கள். அங்கே சாத்திரச் சிக்கல் இல்லை, அதனால் பக்கமும் அதிகம் இல்லை. தமிழில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. அது கொள்ளைநோய் நாவல் அல்ல. ஆனால் சாவு வீட்டுத் துணியையும் பிரசவத் துணியையும் வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் ஆரோக்கியத்தை நடுவில் வைத்தது. ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து எழுதிய நாவல். அது வந்தபோது நம் தரப்பிலேயே கோபம் எழுந்ததை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். சேரிக்குள்ளும் ஒருவர் வாசலில் நிற்கவைக்கப்படுகிறார் என்று எழுதினால் நமக்கும் சுடுகிறது. மன்ஸோனியைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020-இல் இங்கே திருத்தப்பட்டவை பெரும்பாலும் சொற்கள். முதலில் ‘சமூக விலகல்’ என்றார்கள். இந்தச் சொல்லை நாம் பல நூற்றாண்டாக வேறு பொருளில் அறிவோம் என்று நம் எழுத்தாளர்கள் சொன்னார்கள். ‘சமூக இடைவெளி’ ஆயிற்று, பிறகு ‘தனிமனித இடைவெளி’ ஆயிற்று. அதே ஆண்டு தமிழக அரசு துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று பெயர் மாற்றியது. மே 3 அன்று விமானப்படை மருத்துவமனைகள்மேல் பூத்தூவியது. ஊர் ஊராகச் சிலருக்கு மாலை போட்டார்கள், கால் கழுவினார்கள். ஒப்பந்தக் கூலியும் கையுறையும் அந்தத் திருத்தத்துக்குள் வரவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி நம் இளைஞர்கள் எழுதிய, எழுதும் கைப்பிரதிகளை நான் படித்துவருகிறேன். பல நல்ல பிரதிகள். மயானத்தில் வேலை பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுதியவை உண்டு. ஒரு மயானத் தொழிலாளி பேசும்போது ஒரே பிணத்தை மூன்று முறை சொல்வார். நேரம் மாறும், தூக்கியவர் மாறுவார், பிளாஸ்டிக் உறையின் நிறம் மட்டும் மாறாது. இரண்டாம் படியில் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகிறது. கூறியது கூறல் என்று வெட்டிவிடுகிறார்கள். பெயர் போய் ‘ஊழியர்’ ஆகிறார். கூலிக்கணக்கு போய்விடுகிறது. கதை வேகமாக ஓடுகிறது. வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நாவல் என்றால் வெட்டத்தான் வேண்டும். வெட்டியதைத் தேதி போட்டுக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மன்ஸோனி தன் முதல் படியை எரிக்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அது தனி நூலாக அச்சானது. நாவிதர் மோராவின் கதை முதலில் நாவலுக்குள்ளேயே இருந்தது என்பதை நாம் இன்று பக்கம் புரட்டிப் பார்க்க முடிவது அதனால்தான்.